இருபத்தாறு நிமிடம் வெட்டலாம்: மெட்டாலிக்கா ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மெட்டாலிக்கா ரசிகப் பெருமக்களே,

கேசட் காலத்து அண்ணன்மார்களுக்கும், 2022-இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்துவிட்டு வந்து சேர்ந்த தம்பி தங்கைகளுக்கும் சேர்த்தே இந்த மடல். இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார மாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

'72 சீசன்ஸ்' ஆல்பம் 2023 ஏப்ரல் 14-ஆம் தேதி வந்தது. சண்டை அதற்கு நாலரை மாதம் முன்பே, நவம்பர் 28-ஆம் தேதி 'லக்ஸ் ஈட்டெர்னா' வெளியான அன்றே ஆரம்பித்துவிட்டது. மூன்றரை நிமிடம்கூட ஓடாத ஒரே பாட்டு அது. ஒரு கூட்டம் "பழைய மெட்டாலிக்கா திரும்பிவிட்டது" என்று குதித்தது, இன்னொரு கூட்டம் "அரைத்த மாவு" என்று உதட்டைப் பிதுக்கியது. மீதிப் பதினொரு பாட்டு இருவர் காதிலும் விழுந்திருக்கவில்லை. ஏப்ரல் 13-ஆம் தேதி உலகமெங்கும் திரையரங்குகளில் ஒரே ஒரு இரவு முழு ஆல்பத்தையும் போட்டுக் காட்டினார்கள். நம் ஊர் முதல் நாள் முதல் காட்சி போலத்தான். பார்த்தவர்கள் வெளியே வரும்போது, உள்ளே போனபோது வைத்திருந்த தீர்ப்பையே கையில் கொண்டுவந்தார்கள்.

அன்றிலிருந்து வாதம் ஒரே தடத்தில் ஓடுகிறது. ஆல்பம் பிடிக்கவில்லை என்கிறவர் உண்மையான ரசிகர் இல்லை. பிடித்திருக்கிறது என்கிறவருக்கு 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' என்றால் என்னவென்று தெரியாது. அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் கிடைக்காமல் இரண்டாம் இடத்தில் நின்றதை ஒருவர் நீட்டுவார். தலைப்புப் பாட்டுக்கு 2024-இல் கிராமி கிடைத்ததை மற்றவர் நீட்டுவார். 1989-இல் முதன்முறை மெட்டல் பிரிவுக்குக் கிராமி கொடுத்தபோது அதை மெட்டாலிக்காவிடமிருந்து தட்டிக்கொண்டு போனது புல்லாங்குழல் வாசிக்கும் ஜெத்ரோ டல். அந்த விருதை வைத்தா வாதம் செய்வது?

அண்ணன்மார்களிடம் முதலில் ஒரு வார்த்தை. "இது என் மெட்டாலிக்கா இல்லை" என்ற வாசகம் உங்களோடு பிறந்ததில்லை. 1984-இல் 'ரைட் தி லைட்னிங்' வந்தபோதே அது வந்துவிட்டது. அந்த ஆல்பத்தில் 'ஃபேட் டு பிளாக்' என்றொரு பாட்டு மரக்கிடாரில், மெதுவாகத் தொடங்கும். வேகம்தான் மதம் என்று இருந்த ஆரம்பகால ரசிகர்களில் பலர் அதைக் கேட்டுவிட்டு, விலைபோய்விட்டார்கள் என்று கத்தினார்கள். இன்று அதே பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறோம். 1988-இல் வந்த '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் பேஸ் கிடாரே காதில் விழவில்லை. புகார் சரியானதுதான், இன்றைக்கும் விழவில்லை. ஆனால் அந்த ஆல்பத்தை யாரும் தூக்கிப் போடவில்லை. 1989-இல் 'ஒன்' பாட்டுக்கு வீடியோ வெளியிட்டார்கள், அதுவும் குற்றமானது. 1991-இன் கறுப்பு ஆல்பம், 1996-இல் வெட்டிய தலைமுடி, 2003-இல் 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தின் தகர டப்பா ஸ்நேர் டிரம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு தலைமுறையும் தான் நுழைந்த கதவைத் தனக்குப் பின்னால் சாத்தப் பார்த்திருக்கிறது.

தம்பிமார் சிரிக்கிறீர்கள். பெரிசுகள் எப்போதும் புலம்பும், பிறகு அடங்கும் என்பதுதானே உங்கள் கணக்கு? அந்தக் கணக்கும் தப்பு. புலம்பல் சரியாக இருந்த ஒரு முறை, அது உலகம் முழுவதும் கேட்டது.

2008 செப்டம்பரில் 'டெத் மேக்னெடிக்' வந்தது. பாட்டுகள் நன்றாக இருந்தன. ஆனால் குறுந்தகட்டைப் போட்டவர்களுக்குக் காது வலித்தது. மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இருக்க வேண்டிய இடைவெளியை நசுக்கி, எல்லாவற்றையும் உச்ச மட்டத்துக்கு ஏற்றிவைத்திருந்தார்கள். டிரம் அடி ஒவ்வொன்றும் கூரையில் மோதி நொறுங்கியது. அதே பாட்டுகள் 'கிடார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டுக்காகவும் கொடுக்கப்பட்டிருந்தன. அங்கே அந்த நசுக்கல் இல்லை. ரசிகர்கள் இரண்டையும் அருகருகே வைத்து அலைவடிவப் படத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். மறுபடி கலவை செய்து வெளியிடுங்கள் என்ற மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வரும்போதே ஒலி அப்படித்தான் இருந்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒலிப்பதிவு உலகில் உரத்த ஒலிக்கான போட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த ஆல்பத்தையே உதாரணம் காட்டுகிறார்கள். அந்தப் புகார் எடுபட்டதற்குக் காரணம், அது தட்டில் பதிவாகியிருந்த ஒன்றைப் பற்றியது. யார் உண்மை ரசிகர் என்ற பேச்சே அதில் இல்லை.

'72 சீசன்ஸ்' மீது அப்படியொரு நியாயமான புகார் உண்டா? உண்டு. உங்களில் சிலர் அதை முணுமுணுக்கிறீர்கள், உரக்கச் சொல்லத் தயங்குகிறீர்கள். ஆல்பம் நீளம். பன்னிரண்டு பாட்டு, 77 நிமிடம்.

கணக்கைப் பாருங்கள். 'கில் 'எம் ஆல்' சுமார் 51 நிமிடம். 'ரைட் தி லைட்னிங்' 47. 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' 55 நிமிடத்துக்குள், எட்டே பாட்டு. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் அடைத்தால் ஒலி மெலிந்துவிடும் என்பதால், எதை வைப்பது எதை விடுவது என்று அன்று உட்கார்ந்து யோசித்தே ஆக வேண்டும். குறுந்தகடு வந்ததும் வேலி போய்விட்டது. 1996-இன் 'லோட்' கிட்டத்தட்ட 79 நிமிடம். அதன் கடைசிப் பாட்டான 'தி அவுட்லா டோர்ன்' தட்டில் கொள்ளாமல் ஒரு நிமிடம் போல நறுக்கப்பட்டது, முழு வடிவத்தைப் பிறகு வேறொரு சிங்கிளில் வெளியிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை மெட்டாலிக்காவின் சொந்த ஸ்டுடியோ ஆல்பம் ஒன்றுகூட 74 நிமிடத்துக்குக் குறையவில்லை. 'ரீலோட்', 'செயின்ட் ஆங்கர்', 'டெத் மேக்னெடிக்', 'ஹார்ட்வயர்ட்', இப்போது '72 சீசன்ஸ்'. தட்டு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவும் ஊற்றுவதே வழக்கமாகிவிட்டது.

(லூ ரீடோடு சேர்ந்து செய்த 'லூலு' இதைவிடவும் நீளம். அதற்குத் தனி மடல் வேண்டும், எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.)

நீளம் மட்டும் குற்றமாகாது. வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லாததுதான் குறை. முன்பு ஆள் இருந்தார். 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பேருந்து கவிழ்ந்து இறந்துபோன கிளிஃப் பர்ட்டன் இருந்தவரை, இசைக்கோட்பாடு தெரிந்த ஒருவர் குழுவுக்குள்ளேயே இருந்தார். கறுப்பு ஆல்பத்துக்குப் பாப் ராக் தயாரிப்பாளராக வந்தார். 'என்டர் சேண்ட்மேன்' பாட்டுக்கு முதலில் எழுதப்பட்ட வரிகள் தொட்டிலில் திடீரென இறந்துபோகும் குழந்தையைப் பற்றியவை. இதைவிட நன்றாக உன்னால் எழுத முடியும் என்று பாடகர் ஹெட்ஃபீல்டிடம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதுவரை அவர் வரிகளைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. எரிச்சலோடுதான் மாற்றி எழுதினார். அதற்குப் பிறகு நடந்தது உலகுக்குத் தெரியும், அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஆல்பம் அது.

'ஹார்ட்வயர்ட்' முதல் தயாரிப்பாளர் இருக்கையில் கிரெக் ஃபிடெல்மனோடு ஹெட்ஃபீல்டும் டிரம்மர் உல்ரிக்கும் அமர்ந்திருக்கிறார்கள். ஒலிப்பதிவில் ஃபிடெல்மன் கெட்டிக்காரர், '72 சீசன்ஸ்' ஆல்பத்தில் கிடாரின் கனமும் டிரம்மின் துலக்கமும் அவருக்குப் பெருமை சேர்ப்பவை. வாத்தியம் கேட்கவில்லை என்று இந்த முறை யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் நாற்பதாண்டு சாதனை படைத்த இருவரைப் பார்த்து, "இந்தப் பாட்டு மற்றதற்கு இணையில்லை, தூக்கிவிடுங்கள்" என்று அங்கே யாரும் சொன்ன மாதிரித் தெரியவில்லை. எடிட்டர் இல்லாமல் தியேட்டருக்கு வந்த படம் மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு காட்சியும் தேறும், மொத்தமாக உட்கார்ந்தால் முதுகு வலிக்கும்.

நான் வெட்டிப் பார்த்தேன். 'ஸ்லீப்வாக் மை லைஃப் அவே', 'க்ரவுன் ஆஃப் பார்ப்ட் வயர்', 'சேஸிங் லைட்', 'இஃப் டார்க்னஸ் ஹேட் எ சன்' நான்கையும் எடுத்துவிட்டால் 26 நிமிடம் போய்விடும். நான்குமே நடுத்தர வேகத்தில், ஒரே மாதிரி ரிஃபைச் சுற்றிச் சுற்றி வருபவை. கடைசியாகச் சொன்ன பாட்டு ஆல்பம் வரும் முன்பே சிங்கிளாக வந்தது, அதனால் அதைத் தொட்டதற்குச் சிலர் என்னை அடிக்க வருவீர்கள். மிச்சம் எட்டுப் பாட்டு, 51 நிமிடம். தலைப்புப் பாட்டு, 'ஷேடோஸ் ஃபாலோ', 'ஸ்க்ரீமிங் சூசைட்', 'யூ மஸ்ட் பர்ன்', 'லக்ஸ் ஈட்டெர்னா', 'டூ ஃபார் கான்', 'ரூம் ஆஃப் மிரர்ஸ்', 'இனமொராட்டா'. இந்த வரிசையில் கேட்டால் இது வேறொரு ஆல்பம். கறுப்பு ஆல்பத்துக்குப் பின் இவர்கள் செய்ததில் இதுவே சிறந்தது என்று அடித்துச் சொல்வேன். சூனியக்காரி வேட்டையைப் பாடும் 'யூ மஸ்ட் பர்ன்' நம் ரசிகர் கூட்டத்தைப் பார்த்து எழுதியது மாதிரியே இருப்பது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்.

சொற்களுக்கு வருகிறேன். நமது வாதத்தில் அநியாயமாக விட்டுப்போனது இதுதான். ரிஃபை எண்ணுகிறோம், டெம்போவை அளக்கிறோம், இந்த மனிதர் என்ன பாடுகிறார் என்று கேட்பதில்லை.

எழுபத்திரண்டு பருவங்கள் என்றால் ஆண்டுக்கு நான்கு வீதம் பதினெட்டு ஆண்டுகள். ஒரு மனிதனின் முதல் பதினெட்டு வயது. அதற்குள் நம்மீது ஏற்றப்பட்டதைத்தான் மீதி வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறோமா, இறக்கிவைக்க முடியுமா என்பதே ஆல்பத்தின் கேள்வி. மஞ்சள் அட்டையில் கருகிய ஒரு குழந்தைத் தொட்டில் கிடக்கிறது. 1991-இல் பாட்டிலிருந்து வெளியேறிய தொட்டில் முப்பத்திரண்டு ஆண்டு கழித்து அட்டைக்கு வந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது.

ஹெட்ஃபீல்டின் அந்தப் பதினெட்டு ஆண்டுகள் ஊரறிந்தவை. பெற்றோர் கிறிஸ்தவ விஞ்ஞானம் என்ற சபையைச் சேர்ந்தவர்கள், மருந்தை நம்பாதவர்கள். அவருக்குப் பதின்மூன்று வயதாகும்போது தந்தை வீட்டை விட்டுப் போனார். பதினாறு வயதில் தாய் புற்றுநோயில் இறந்தார், சிகிச்சை எடுத்துக்கொள்ளாமலே. 1988-இல் இருபத்தைந்து வயதில் அவர் வெளியிட்ட 'டயர்ஸ் ஈவ்' பெற்றோருக்கு அவர் எழுதிய கடிதம். கடிதம் என்பதைவிடக் குற்றப்பத்திரிகை என்று சொல்லலாம். மெட்டாலிக்காவின் மிக வேகமான பாட்டுகளில் ஒன்று அது, 2004 வரை மேடையில் அதை முழுதாக வாசிக்கவே இல்லை. அதில் கோபம் தவிர வேறொன்றும் இல்லை, இருபத்தைந்து வயதுக்கு அது போதும்.

'72 சீசன்ஸ்' வரும்போது அவருக்கு ஐம்பத்தொன்பது. நடுவே இரண்டு முறை குடிநோய் சிகிச்சைக்குப் போய்வந்திருக்கிறார், கடைசியாக 2019-இல். ஆஸ்திரேலியப் பயணம் அதற்காகவே நிறுத்தப்பட்டது. அதே சிறுவனைப் பற்றித்தான் மறுபடி பாடுகிறார், ஆனால் குற்றவாளிக் கூண்டில் இப்போது பெற்றோர் இல்லை. நடந்தது நடந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதே இப்போது கேள்வி. 'ஃபேட் டு பிளாக்' சாவை விரும்புகிறவனின் உள்ளிருந்து பாடப்பட்டது. 'ஸ்க்ரீமிங் சூசைட்' அந்த எண்ணத்தையே வெளியே இழுத்துவந்து அதற்கு வாய் கொடுத்துப் பேசவிடுகிறது. மூடி மறைத்தால் அது வளரும் என்ற அறிதல் அதில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே முப்பத்தொன்பது ஆண்டு.

'இனமொராட்டா' பதினொரு நிமிடம் பத்து வினாடி. 'லூலு'வை விட்டுவிட்டால், இவர்கள் இதுவரை எழுதியதிலேயே நீளமான பாட்டு. நீளத்தைக் குறை சொல்லிவிட்டு இதைத் தூக்கிவைக்கிறாயே என்பீர்கள். ஆமாம். இதில் ஒரு நிமிடத்தையும் தொட மாட்டேன். பிளாக் சாபத் குழுவின் சாயலில் கனமாக, மெதுவாக நடந்துவந்து, பாதி வழியில் எல்லாம் அடங்கி ட்ரூஹியோவின் பேஸ் மட்டும் மிச்சமாகி, அங்கிருந்து ஒவ்வொரு வாத்தியமாக ஏறுகிறது. துயரத்தைக் காதலியாக்கி, அவளை விட்டுப் பிரிய மனமில்லாதவன் பாடும் பாட்டு. துக்கத்தில் ஒரு சுகம் இருக்கிறது, அந்தச் சுகம்தான் தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்ள ஒரு வயது வேண்டும். 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' எழுதிய இருபத்திரண்டு வயது இளைஞனால் இதை எழுதியிருக்க முடியாது. அண்ணன்மார்களே, நீங்கள் திரும்ப வேண்டும் என்று கேட்கும் அந்த இளைஞனிடம் இது இல்லை.

கிடார் வாசிக்கும் கிர்க் ஹேமட்டின் சோலோக்களைப் பற்றி ஒரு பெரிய வழக்கு நடக்கிறது. வா-வா பெடலை விட மாட்டேன் என்கிறார், திட்டமிடாமல் அந்த நேரத்துக்கு வருவதை வாசிக்கிறார் என்று புகார். முன்தீர்மானம் இல்லாமல் வாசிப்பதே தனக்குப் பிடித்தது என்று அவரே சொல்லியாயிற்று. 'ஹார்ட்வயர்ட்' காலத்தில் நூற்றுக்கணக்கான ரிஃபுகள் இருந்த கைப்பேசியைத் தொலைத்துவிட்டு, அந்த ஆல்பத்தில் பாட்டாக்கத்தில் பெயரே இல்லாமல் நின்ற மனிதர் அவர். இந்த முறை தலைப்புப் பாட்டிலிருந்தே பெயர் இருக்கிறது. சோலோக்கள் எல்லாம் தேறவில்லை என்பது என் கட்சியும்தான். 'லக்ஸ் ஈட்டெர்னா' சோலோ அவசர அவசரமாகக் கொட்டிக் கவிழ்த்தது. ஆனால் 'ரூம் ஆஃப் மிரர்ஸ்' பாட்டில் இரட்டைக் கிடார்கள் சேர்ந்து எழும் இடத்தைக் கேட்டுவிட்டு, இவர் முடிந்துபோனவர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. லார்ஸ் உல்ரிக்கின் டிரம்ஸ் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்த வழக்கு 1983-இலிருந்து நிலுவையில் இருக்கிறது.

வேகம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. '72 சீசன்ஸ்' வந்த அதே ஏப்ரல் 14-ஆம் தேதி நியூஜெர்சியின் ஓவர்கில் குழு 'ஸ்கார்ச்ட்' ஆல்பத்தை வெளியிட்டது. 1980-இல் தொடங்கிய குழு, அது அவர்களுடைய இருபதாவது ஆல்பம். பாபி 'பிளிட்ஸ்' எல்ஸ்வொர்த்தின் குரல் இன்றும் அரம் போல அறுக்கிறது. பழைய த்ராஷ் செத்துவிட்டது என்று மெட்டாலிக்காவின் வாசலில் நின்று ஒப்பாரி வைத்த உங்களில் எத்தனை பேர் அன்று அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்? டெஸ்டமென்ட், எக்ஸோடஸ், க்ரியேட்டர் எல்லாம் கடந்த சில ஆண்டுகளில் நல்ல ஆல்பம் கொடுத்தவர்கள். த்ராஷ்தான் உங்கள் காதல் என்றால் அங்கே போகலாம். போகவில்லை என்றால், நீங்கள் தேடுவது உங்கள் பதினேழு வயதை. அதை ஹெட்ஃபீல்ட் எப்படித் திருப்பிக் கொடுப்பார்?

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று. 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' பாட்டைத் தொலைக்காட்சித் தொடரில் கேட்டு வந்தீர்கள் என்று உங்களைக் கிண்டல் செய்தபோது, மெட்டாலிக்கா குழுவே எல்லோருக்கும் இங்கே இடம் உண்டு என்று சொன்னது. சரி. அதற்காக அண்ணன்மார்களின் அலுப்பெல்லாம் பொறாமை என்று நினைக்காதீர்கள். 2011 அக்டோபர் 28-ஆம் தேதி டெல்லிக்கு அருகே குர்கானில் நிகழ்ச்சி ரத்தாகி, கூட்டம் மேடையை அடித்து நொறுக்கியது. இரண்டு நாள் கழித்து பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மழையிலும் சேற்றிலும் அவர்கள் வாசித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறிப் போய் அந்தச் சேற்றில் நின்றவர்கள் இந்த அண்ணன்மார்களில் இருக்கிறார்கள். அவர்கள் காத்திருந்த காலத்துக்கு ஒரு மரியாதை உண்டு. (மறுநாள்தான் 'லூலு' வெளியானது. பாவம், வீடு திரும்பியதும் அதை வேறு கேட்க வேண்டியிருந்தது.)

இரு தரப்புக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. ஆல்பத்தைத் தலைகீழாக, பன்னிரண்டாவது பாட்டிலிருந்து கேளுங்கள். இடையில் எழுந்துபோகாமல் 'இனமொராட்டா' முழுவதும். பிறகு உங்களுக்கான எட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுத்து, விட்ட நாலை ஏன் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதி எனக்கு அனுப்புங்கள். என் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டியதில்லை, 'இஃப் டார்க்னஸ்' வேண்டும் என்றால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'இனமொராட்டா' இல்லாத பட்டியலோடு வருகிறவரிடம் மட்டும் நான் சண்டைக்குத் தயார்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்